சிங்கப்பூரில் தமிழ்ப் புத்தகம். திருப்பூரில் ஒடியா புத்தகம்?

சிங்கப்பூரில் சீனர்கள் அதிகம். மலாய்க்காரர்களும் இந்தியர்களும் அவர்களோடு வாழ்கிறார்கள். அங்கே ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய 4 மொழிகளும் ஆட்சி மொழிகள்.

பொது நூலகங்களிலும் 4 மொழிப் புத்தகங்கள் உண்டு! சீனப் பாட்டி சீனக் கதை எடுத்துப் போகலாம். பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சிறுவன் தமிழ்க் கதை எடுத்துப் போகலாம்.

கனடா நாட்டு டொராண்டோ நகரிலும் இப்படித்தான். இலங்கையில் இருந்து குடியேறிய தமிழர்கள் அங்கே ஏராளம். அந்த நகரத்து நூலகத்திலும் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன.

கேட்க நமக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது, அல்லவா? சரி, இப்போது நம் ஊருக்கு வருவோம்.

மாட்டு வண்டி நூலகம்

எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892-ம் ஆண்டு சீர்காழியில் பிறந்தவர். கணிதப் பேராசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார்.

நூலகங்களுக்கு அவர் 5 விதிகளை வகுத்தார். 1931-ல் அவை புத்தகமாக வெளிவந்தன. பல நாட்டு நூலகர்கள் இன்றும் அவற்றைப் படிக்கிறார்கள்.

வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கு ஏற்ற நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இன்ன சாதியாருக்கு, இன்ன மொழியாருக்கு என்று அவர் பிரிக்கவில்லை!

அதே 1931-ல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு போனார்கள். வாசகர் வர முடியாவிட்டால் நூலகம் அவரைத் தேடிப் போனது!

1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது.

விரலால் படிக்கலாம்

சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. கண் பார்வை இல்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லி புத்தகங்கள் அங்கே உண்டு. குழந்தைகளுக்குத் தனிப் பகுதியும் உண்டு.

இப்படி வாசகருக்கு ஏற்றபடி நூலகம் வளர்ந்து வருகிறது. அடுத்து வரவேண்டிய வாசகர் யார்?

புதிய அண்டை வீட்டார்

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்ப் பாருங்கள். சென்னையில் கட்டிட வேலை நடக்கும் இடங்களைப் பாருங்கள். பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம், அசாம் மாநிலத் தொழிலாளர்கள் உழைக்கிறார்கள்.

குடும்பத்தோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அவர்களும் வாடகை கொடுத்துத்தான் குடியிருக்கிறார்கள். அந்த வாடகையில்தான் வீட்டுக்காரர் வரி கட்டுகிறார். நூலக வரியும் அதில் அடக்கம்!

ஆகவே, அவர்கள் வாழும் பகுதி நூலகங்களில் ஓர் அலமாரி அவர்களுக்கு வேண்டும். இந்தி, வங்காளி, ஒடியா கதைப் புத்தகங்கள் அதில் இருக்கட்டும். பக்கத்திலேயே தமிழ் அரிச்சுவடியும் இருக்கட்டும். மாலையில் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது. மருந்துச் சீட்டையும் பஸ் பலகையையும் அவர்கள் தாங்களே படித்துக்கொள்வார்கள்.

"தமிழுக்கு இடம் குறைந்து போகாதா?" என்று சிலர் கேட்கலாம். சிங்கப்பூரில் தமிழ்ப் புத்தகம் வைத்ததால் சீனம் குறைந்து போகவில்லையே!

உங்கள் தெருவிலும் வெளி மாநிலக் குடும்பம் இருக்கிறதா? அடுத்த முறை நூலகம் போகும்போது அந்த வீட்டுப் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். அதன் மொழியில் ஒரு புத்தகம் வாங்கித் தரும்படி நூலகரிடம் கேளுங்கள்.