படிக்கட்டில் நின்ற கண்ணாடிக் குழாய்

காற்றை அமுக்கினால் அது எதிர்த்துத் தள்ளும் என்று 1660இல் ராபர்ட் பாயில் எழுதினார். பிரான்சிஸ் லைன் என்ற இயேசு சபைப் பாதிரியார் அதை மறுத்தார். காற்றழுத்தமானியில் பாதரசம் கீழே இறங்காமல் நிற்கக் காரணம் வெளிக்காற்றின் அழுத்தம் அல்ல, கண்ணுக்குத் தெரியாத நூல் போன்ற ஒன்று மேலிருந்து இழுத்துப் பிடிக்கிறது என்பது அவர் கட்சி.

பாயில் வெறும் வாதத்தோடு நிற்கவில்லை. அடியில் வளைந்து மேல்நோக்கித் திரும்பும் கண்ணாடிக் குழாய் ஒன்றைச் செய்வித்தார். குட்டைக் கையின் முனை அடைபட்டிருக்கும். அதற்குள் 12 அங்குல நீளத்துக்குக் காற்று. நெட்டைக் கை அறைக்குள் நிறுத்த முடியாத உயரம் என்பதால் படிக்கட்டில் வைத்தார்கள். ஏற்கெனவே ஒரு குழாய் உடைந்துபோன அனுபவம் இருந்ததால், இந்த முறை அடியில் ஒரு மரப்பெட்டி. ஒருவர் மேலே நின்று பாதரசத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற, மற்றவர் கீழே குனிந்து காற்று எவ்வளவு சுருங்கியது என்று குறித்துக்கொண்டார்.

தொடக்கத்தில் அந்தக் காற்றின் மேல் இருந்தது வளிமண்டலத்தின் அழுத்தம் மட்டுமே. பாதரச உயரத்தில் சொன்னால் சுமார் 29 அங்குலம். 12 அங்குலக் காற்று 6 ஆகச் சுருங்கியபோது மொத்த அழுத்தம் 58 அங்குலத்தைத் தாண்டியிருந்தது. 3 ஆனபோது 117க்குச் சற்று மேல். இடம் பாதியானால் அழுத்தம் இரட்டிப்பு, கால்வாசியானால் நான்கு மடங்கு. கணக்குக்கும் அளவுக்கும் இடையே வித்தியாசம் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கையால் செய்த கண்ணாடியில் இத்தனை துல்லியம் வியக்க வைக்கிறது. 1662இல் இதை வெளியிட்டபோது, இந்த உறவை யூகித்தவர் ரிச்சர்ட் டவுன்லி என்று பாயில் மறைக்காமல் எழுதினார். வெப்பநிலை மாறாதவரை இந்த விதி பொருந்தும்.

கடலுக்குள் இதே கணக்கு உயிர்ப் பிரச்சினை. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் நான்கு, 20இல் மூன்று, 10இல் இரண்டு, நீர்மட்டத்தில் ஒன்று. எனவே 30இலிருந்து 20க்கு ஏறும்போது காற்று மூன்றில் ஒரு பங்குதான் விரிகிறது. கடைசிப் பத்து மீட்டரிலோ இரு மடங்காகிறது. சிலிண்டர் காற்றைச் சுவாசிப்பவர் அந்தத் தூரத்தில் மூச்சை அடக்கியபடி ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடலாம். ஆழத்தைவிட இந்த மேல்பகுதியில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி முத்துக் குளித்தவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. அவர்கள் மேலே இழுத்த காற்று ஆழத்தில் சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்குத்தான் திரும்பும். சிலிண்டர்க்காரர் ஆழத்திலேயே, அங்குள்ள அழுத்தத்தில், நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொள்கிறார்.