கிடைக்கும் கடன் வேறு, தேவைப்படும் கடன் வேறு

முப்பத்து மூன்று வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். பயிர்க்கடன் விண்ணப்பங்களில் போட்ட கையெழுத்துக்குக் கணக்கில்லை. ஆனால் ஓய்வு பெற்று, பெரம்பலூர் பக்கம் மூன்று ஏக்கர் கரிசலில் இறங்கிய முதல் வருடமே, வீட்டம்மாவின் சங்கிலியை அடகு வைக்கும்படி ஆகிவிட்டது. புதிதாக இயற்கை வழிக்கு வருகிற நண்பர்கள் அதே பள்ளத்தில் விழக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எங்கே தப்பு நடந்தது?

உழவர் கடன் அட்டையில் (கிசான் கிரெடிட் கார்டு) கடன் வரம்பை எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்ட அளவில் ஒரு தொகை நிர்ணயித்திருப்பார்கள். அதை உங்கள் ஏக்கரால் பெருக்குவார்கள். அதோடு வீட்டுச் செலவு, அறுவடைக்குப் பிந்தைய செலவு என்று 10 சதவீதம், பண்ணைப் பராமரிப்புக்கு 20 சதவீதம் சேர்ப்பார்கள். ஏக்கருக்கு 25,000 என்று வச்சுக்குவோம். மூன்று ஏக்கருக்கு 75,000. அதற்கு 30 சதவீதம் 22,500. மொத்தம் 97,500 ரூபாய்.

இந்தக் கணக்கில் நீங்கள் யூரியா மூட்டை வாங்குகிறீர்களா, வீட்டு மாட்டுச் சாணத்தில் ஜீவாமிர்தம் கலக்குகிறீர்களா என்ற கேள்வியே கிடையாது. நானும் வங்கியில் இருந்தவரை யாரையும் கேட்டதில்லை.

2018-ல் நான் மக்காச்சோளம் விதைத்தபோது உழவு, விதை, களையெடுப்பு, அறுவடை எல்லாம் சேர்த்து ரொக்கமாகத் தேவைப்பட்டது 40,000 தான். வரம்பு 97,500 இருக்கே என்று முழுவதையும் எடுத்தேன். மிச்சம் 57,500-ஐக் கொண்டுபோய் போர் போட்டேன். ஐந்நூறு அடி போயும் புழுதிதான் பறந்தது. அந்த வருடம்தான் படைப்புழு நம்ம மாவட்டத்து மக்காச்சோளத்தில் வந்து விழுந்தது. பாதி விளைச்சல் போச்சு. கெடு நாள் மட்டும் தள்ளிப்போகவில்லை. சங்கிலி அடகுக்குப் போனது அப்போதுதான். அதை மீட்க மூன்று வருடம் ஆயிற்று.

படைப்புழு மட்டும் காரணம் என்றால் 40,000 கடனைப் பாதி விளைச்சலிலேயே அடைத்திருப்பேன். ஆறு மாதத்தில் திரும்ப வேண்டிய காசை, பத்து வருடம் பலன் தரவேண்டிய வேலையில் போட்டதுதான் என் தப்பு. போர், ஆழ்குழாய் மோட்டார், வேலி, மாட்டுக்கொட்டகை இவற்றுக்கெல்லாம் வருடக் கணக்கில் தவணை பிரிகிற தவணைக் கடன் தனியாக இருக்கிறது. வட்டி கொஞ்சம் கூட. ஆனால் ஒரே அறுவடையில் கழுத்தை நெரிக்காது.

நேரத்துக்குக் கட்டினால் எவ்வளவு மிச்சம்?

வங்கிப் பயிர்க்கடனில் 3 லட்சம் வரை வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் மானியமாகக் கழிந்து 4 ஆகிறது. நம் ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில், அதாவது சொசைட்டியில், கெடுவுக்குள் கட்டுகிற பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. வெளியில் 'நூற்றுக்கு ரெண்டு வட்டி' என்பது மாதக் கணக்கு. வருடத்துக்கு 24 சதவீதம். மூன்று வட்டி என்றால் 36.

வாரத்தவணை, மாதத்தவணைக் கடன்களில் இன்னொரு சூட்சுமம். '12 சதவீதம்தான்' என்று முழு அசலுக்கும் கடைசிவரை வட்டி போடுவார்கள். நீங்களோ மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். ஒரு வருட மாதத்தவணையில் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். எனவே கேட்கவேண்டிய கேள்வி: "குறையும் அசலுக்கு வட்டியா, முழு அசலுக்கு வட்டியா?"

கடன் அட்டையை மொத்தமாக வழித்தெடுக்காதீர்கள். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்குத்தான் வட்டி. ஒரு லட்சத்தை ஒரு வருடம் வைத்திருந்தால் 7 சதவீதத்தில் 7,000 ரூபாய். 40,000 மட்டும் எடுத்து ஐந்து மாதத்தில் கட்டினால் 1,170 ரூபாய்கூட வராது. மானியம் கழிந்தால் இன்னும் குறையும்.

நம்மூரில் ஒரு பழக்கம் உண்டு. கெடு நாளன்று ஒருவரிடம் ஒருநாள் கைமாற்று வாங்கிக் கட்டி, மறுநாளே திரும்ப எடுத்து அவருக்குக் கொடுப்பது. அவருக்கு ஒரு கமிஷன். ஏட்டில் கடன் புதுசாகும், வீட்டில் அதே பழைய கடன். இதை வருடா வருடம் செய்கிறோம் என்றால் விவசாயம் அந்தக் கடனை அடைக்கவில்லை என்று அர்த்தம்.

தள்ளுபடி வரும் என்று காத்திருப்பதும் ஆகாது. 2021-ல் தமிழ்நாட்டில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடியானது உண்மை. அது கூட்டுறவுக் கடனுக்கு மட்டும்தான். வங்கியில் வாங்கியவர்களுக்கு இல்லை. தவணை தவறினால் வட்டிச் சலுகை போவதோடு, சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். 300 முதல் 900 வரை போகும் அந்த மதிப்பெண்தான் நாளைக்கு மகள் படிப்புக் கடனுக்குப் போகும்போது பேசும். வருடத்துக்கு ஒருமுறை அந்த அறிக்கையை இலவசமாகவே வாங்கிப் பார்க்கலாம்.

மாறுகிற காலத்துக்கு என்ன செய்வது?

இயற்கைச் சான்றிதழுக்கு மாறும்போது பருவப் பயிருக்கு இரண்டு வருடம், ஜெயங்கொண்டம், செந்துறை பக்கத்து முந்திரி போன்ற மரப்பயிருக்கு மூன்று வருடம் மாற்றக் காலம். அதுவரை சான்று பெற்ற விலை கிடைக்காது. விளைச்சலும் குறையலாம். ஆகவே கடன் வாங்கும்போது சந்தையின் சாதாரண விலையை வைத்து, வழக்கமான விளைச்சலில் பாதியை வைத்துக் கணக்குப் போடுங்கள். அதில் அடைக்க முடிகிற கடன்தான் உங்கள் கடன். இருக்கிற நிலம் முழுவதையும் ஒரே வருடத்தில் மாற்றாமல் ஒரு ஏக்கரில் தொடங்கினால் கடனே தேவைப்படாமலும் போகலாம்.

நகைக்கடன் வாங்கினால் மீட்கிற மாதத்தையும், எந்த விளைச்சலில் மீட்கிறோம் என்பதையும் ரசீதின் பின்னால் எழுதி வையுங்கள். எழுத முடியவில்லை என்றால் வைக்காதீர்கள். யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடும் முன், அந்தக் கடன் சட்டப்படி உங்கள் கடனும்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரையிலான விவசாயக் கடனுக்கு வங்கி ஈடு கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

இப்போது என் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. விதைக்கும் முன்னால் ரொக்கச் செலவை மட்டும் வீட்டம்மாவும் நானும் உட்கார்ந்து எழுதுவோம். போன பருவத்துக்கு 38,000 வந்தது. வங்கியில் வரம்பு அதற்கு மேல் இரண்டு மடங்கு. 38,000 தான் எடுத்தேன். சங்கிலி கழுத்தில் இருக்கிறது.