நர்ஸிங் சேரும் முன் வார்டில் சில மாதம்

புதுச்சேரியில் பாகூரிலிருந்து கடலூர் சாலைக்கு வந்தால் கிருமாம்பாக்கத்தில் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரி, பக்கத்திலேயே பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி. வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் சாலையில் போனால் அரியூரில் வெங்கடேஸ்வரா, ஊசுட்டேரிப் பக்கம் அகரத்தில் லட்சுமி நாராயணா. பாகூர், வில்லியனூர் என இரண்டு கொம்யூன்களுக்குள் நான்கு பெரிய மருத்துவமனைகள். ஏர் பிடித்தும் களை எடுத்தும் பிழைத்த குடும்பத்துப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையைத் தினமும் பஸ்ஸில் பார்த்து வளர்கிறார்கள். பிளஸ் டூ முடித்ததும் "நர்ஸிங் போறேன்" என்று அவர்களில் பலர் சொல்வதில் வியப்பில்லை.

குழப்பம் அதற்குப் பிறகுதான். ரிசல்ட் வந்து கலந்தாய்வு தொடங்கும் வரையிலான இடைவெளியில் "ஆறு மாத நர்ஸிங்", "வேலை உறுதி" என்று நோட்டீஸ்கள் கைக்கு வரும். அவற்றில் பெரும்பாலும் சொல்லப்படுவது ஜி.டி.ஏ. எனப்படும் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் பயிற்சி. சுகாதாரத் துறைக்கான திறன் மன்றம் வகுத்த பாடத்திட்டம் இதற்கு உண்டு; மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலும் இது இடம்பெற்றிருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்களும் சேரலாம், சில மாதங்களில் முடியும். நல்ல பயிற்சிதான். ஆனால் இது நர்ஸிங் அல்ல. இதை முடித்தவர் பெயர் செவிலியர் மன்றப் பதிவேட்டில் ஏறாது. ஊசி போடவோ மருந்து கொடுக்கவோ அவருக்கு அனுமதி இல்லை. இந்திய நர்ஸிங் கவுன்சில் செவிலியராகப் பதிவு செய்ய ஏற்கும் அடிப்படைப் படிப்புகள் மூன்றே: இரண்டு ஆண்டு ஏ.என்.எம்., மூன்று ஆண்டு ஜி.என்.எம்., நான்கு ஆண்டு பி.எஸ்ஸி. நோட்டீஸில் எது எழுதியிருந்தாலும், இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றால் அது செவிலியர் படிப்பு ஆகாது.

அப்படியானால் ஜி.டி.ஏ. எதற்கு? அமெரிக்காவில் இந்தக் கேள்வியே எழாது. 1987-இல் அங்கே முதியோர் இல்லங்களுக்காக வந்த சட்டம், உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, தேர்வு, மாநிலப் பதிவேட்டில் பெயர் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. அந்தச் சான்றிதழோடு வந்தால்தான் இடம் என்று சொல்லும் நர்ஸிங் கல்லூரிகள் அங்கே உண்டு. இங்கிலாந்தில் உதவியாளருக்கும் செவிலியருக்கும் நடுவே நர்ஸிங் அசோசியேட் என்ற பணியை உருவாக்கி, 2019 முதல் அதற்கும் பதிவேடு வைத்திருக்கிறார்கள். கீழ்ப்படியில் வேலை பார்த்தவர் மேற்படிக்கு ஏற அது வழிவிடுகிறது. நம் நாட்டில் ஜி.டி.ஏ.விலிருந்து நேரே ஏறும் படி இல்லை. எத்தனை வருடம் வார்டில் நின்றாலும் பி.எஸ்ஸி. முதலாண்டில் ஒரு நாள்கூடக் குறையாது. 2021 ஜூன் 18 அன்று, கொரோனாவுக்காக ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி என்று ஆறு வகை உதவியாளர் பணிகளில் மத்திய அரசு குறுகிய காலப் படிப்புகளைத் தொடங்கியது. அவசரத்துக்கு ஆள் தேவை என்று அன்று அழைத்தோம்; மேலே படிக்க வழி செய்யவில்லை. இது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

ஆனாலும் நர்ஸிங் சேரப்போகிற பெண்ணோ பையனோ சில மாதம் உதவியாளராக இருந்து பார்ப்பதை நான் ஆதரிக்கிறேன். சான்றிதழுக்காக அல்ல, அந்த வேலை கற்றுத்தரும் பாடத்துக்காக. எழுந்திருக்க முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்காமலே விரிப்பை மாற்ற வேண்டும், உடம்பு துடைத்துவிட வேண்டும். சிறுநீர்ப் பையைக் காலி செய்யும்போது அளவைப் பார்த்துக் குறிக்க வேண்டும். அந்த எண்ணையும் வைத்துத்தான் சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று டாக்டர் யோசிப்பார். ஸ்ட்ரோக் வந்தவருக்குக் கஞ்சி ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார வைக்காவிட்டால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். பி.எஸ்ஸி. முதல் இரண்டு செமஸ்டரில் நர்ஸிங் அடிப்படைகள் என்ற பாடத்தில் வருவதில் பாதி இதுதான். புத்தகத்தைத் திறக்கும் முன்பே இவற்றைச் செய்து பழகிய மாணவிக்கு வார்டு பயம் இருக்காது. அதைவிட முக்கியம், இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பது நான்கு வருடக் கட்டணம் கட்டும் முன்பே தெரிந்துவிடும்.

வீட்டில் எதிர்ப்பு வரும். "பீ மூத்திரம் அள்ளவா பிளஸ் டூ படிச்ச?" என்று கேட்கும் அம்மாக்கள் நம் ஊர்களில் உண்டு. நைட் டியூட்டி முடிந்து காலையில் பஸ் இறங்கும் பெண்ணைப் பற்றிப் பேசும் தெருக்களும் உண்டு. பெட்பேன் எடுப்பதைக் கேவலமாக நினைக்கும் இதே குடும்பங்கள், தங்கள் பாட்டி படுத்துவிட்டால் முதலில் தேடுவது அந்த உதவியாளரைத்தான். நர்ஸ் என்றால் மரியாதை, உதவியாளர் என்றால் "ஆயாதானே" என்று பிரித்துப் பேசும் பழக்கம் ஆஸ்பத்திரிக்குள்ளும் இருக்கிறது. அந்தப் பேச்சை ஒருமுறை வாங்கிக்கொண்டவர்கள், பின்னாளில் சிஸ்டராகும்போது தங்கள் உதவியாளரை அப்படிப் பேசமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். உதவியாளர் சம்பளம் சிறியது. ஆனால் மாதாமாதம் வருவது. வீடு அதற்குப் பழகிவிட்டால், "அடுத்த வருஷம் படிச்சுக்கலாம்" என்பது தள்ளிக்கொண்டே போகும். சேரும்போதே எந்த மாதம் வேலையை விடுவது என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்புக்கான வழி பதினொன்றாம் வகுப்பிலேயே பிரிந்துவிடுகிறது. பி.எஸ்ஸி. நர்ஸிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 45 சதவீதம் வேண்டும். ஆங்கிலமும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். ஜிப்மரில் பி.எஸ்ஸி. நர்ஸிங் சேர நீட் மதிப்பெண் தேவை. கோரிமேட்டில் உள்ள அரசின் அன்னை தெரசா நிறுவனத்திலும் நர்ஸிங் கல்லூரி உண்டு. புதுச்சேரி அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு, அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். உயிரியல் எடுக்காதவர்களுக்கும் கதவு மூடவில்லை. கலைப் பிரிவில் படித்த பெண்கள் ஏ.என்.எம். சேரலாம், பதிவு பெற்ற ஏ.என்.எம்., பிறகு ஜி.என்.எம். படிக்கலாம், அதன்பின் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. மொத்தம் ஏழு ஆண்டுகள். நீண்ட வழிதான், ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் கையில் பதிவும் வேலைக்கான தகுதியும் இருக்கும். ஜி.டி.ஏ.வில் அந்தப் பதிவு இல்லை. நர்ஸிங் சேர அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் பயிற்சி மையத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த மருத்துவமனையில், எத்தனை நாள் வார்டு பயிற்சி? ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட பிறகுதான் வார்டுக்கு அனுப்புவீர்களா? ரத்தம் பட்ட துணியையும் ஊசிக் குப்பையையும் கையாளும் வேலை இது. அந்தத் தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. மையத்தில் சரியான பதில் கிடைக்காவிட்டால், வார்டுக்குள் கால் வைக்கும் முன் நீங்களே டாக்டரைக் கேட்டு முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.