மார்ஃபின் தந்தால் அரிப்பு: ஒவ்வாமையா, பக்கவிளைவா?

அறுவை சிகிச்சைக்குப் பின்னும், புற்றுநோயின் கடும் வலிக்கும் மார்ஃபின் போன்ற அபின் வகை வலிநிவாரணிகளை அளிக்கிறோம். ஊசி போட்ட சிறிது நேரத்தில் சிலருக்கு மூக்கிலும் கன்னத்திலும் அரிப்பு, முகச்சிவப்பு, வியர்வை, தோலில் தடிப்பு ஆகியவை தோன்றலாம். உடனே, "இந்த மருந்து எங்களுக்கு ஒத்துக்கொள்ளாது" என்று குடும்பத்தார் முடிவு செய்துவிடுகின்றனர். பெரும்பாலும் இது உண்மையான ஒவ்வாமை அன்று.

தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைச் சேமித்து வைத்துள்ளன. உண்மையான ஒவ்வாமையில், நோயெதிர்ப்பு அமைப்பு மருந்தைப் பகையாகக் கருதி உருவாக்கிய எதிர்ப்பொருள் அச்செல்களைத் தூண்டுகிறது. மார்ஃபின், கோடீன், பெத்திடின் ஆகியவையோ எதிர்ப்பொருளின் துணையின்றி, நேரடியாகவே ஹிஸ்டமினை வெளியேற்றுகின்றன. இதனால், தோலில் மருந்தை வைத்துச் செய்யும் சோதனையில் ஒவ்வாமை இல்லாதவருக்கும் தடிப்பு எழக்கூடும். அச்சோதனையை மட்டும் நம்ப இயலாது. அளவைக் குறைத்தாலோ, மெதுவாகச் செலுத்தினாலோ இத்தொல்லை பெரும்பாலும் தணியும். ஹிஸ்டமினை மிகக் குறைவாக வெளியேற்றும் ஃபென்டனிலுக்கு மாறவும் வழி உண்டு. குமட்டலும் மலச்சிக்கலும் பக்கவிளைவுகளே. அவற்றுக்கும் மருந்து உண்டு.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? கூடலூரிலோ கோத்தகிரியிலோ உள்ள ஒருவர் மேல்சிகிச்சைக்குக் கோயம்புத்தூர் செல்லும்போது, அவருடைய குறிப்பேட்டில் "மார்ஃபின் ஒவ்வாமை" என்றிருந்தால், அங்குள்ள மருத்துவர்கள் அம்மருந்தைத் தவிர்ப்பர். தவறான ஒரு வரியால் அவர் தேவையின்றி வலியைத் தாங்க நேரிடலாம். நோயாளிகளுக்கு மார்ஃபின் எளிதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. அப்பயனை நாமே இழந்துவிடலாகாது.

எனினும், உண்மையான ஒவ்வாமை அரிதாக வருவதுண்டு. அது உயிருக்கு ஆபத்தானது. உதடு, நாக்கு, தொண்டை வீங்குதல், மூச்சுத்திணறல், உடல் முழுவதும் தடிப்பு, மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். மருத்துவமனையில் இருந்தால் உடனே செவிலியரை அழையுங்கள். வீட்டில் இருந்தால் அடுத்த வேளை மருந்தைத் தராமல் 108ஐ அழையுங்கள். மலைப்பாதையில் வாகனம் வந்து சேர நேரமாகும் என்பதால், பொறுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். எழுப்பியும் எழாத உறக்கமும் மிக மெதுவான மூச்சும் ஒவ்வாமை அல்ல, மருந்து மிகுந்ததன் அடையாளம். அதுவும் அவசர நிலையே.

வெறும் அரிப்புக்காக மார்ஃபின் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள், எங்களிடம் கூறுங்கள். மருந்தின் பெயர், அளவு, உட்கொண்ட நேரம், என்ன நேர்ந்தது என நான்கையும் ஒரு தாளில் எழுதி, சிகிச்சைக் குறிப்புகளுடன் எப்போதும் எடுத்து வாருங்கள். "ஒவ்வாமை" என்ற ஒற்றைச் சொல்லைவிட, அந்தத் தாள் அடுத்த மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.