மேனுவலைப் புரட்டிய பையன்

குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. ஊர்ச் சனம் தலைதெறிக்க ஓடுகிறது. பதினைந்து வயது அமுரோ, டிரெய்லரில் மல்லாக்கக் கிடத்தியிருக்கும் 18 மீட்டர் உயர இயந்திரத்தின் வயிற்றுக்குள் ஏறி உட்காருகிறான். மந்திரம் எதுவும் சொல்லவில்லை, வீர வசனமும் பேசவில்லை. கையில் கிடைத்த மேனுவலைத் திறந்து, எந்த சுவிட்ச் எதற்கு என்று பக்கம் பக்கமாகப் புரட்டுகிறான். அப்புறம்தான் இயந்திரம் எழுந்து நிற்கிறது.

1979 ஏப்ரல் 7 அன்று ஜப்பானின் நகோயா தொலைக்காட்சியில் தொடங்கிய ‘மொபைல் சூட் கன்டாம்’ தொடரின் முதல் அத்தியாயம் இது. இயக்கியவர் யோஷியுகி டோமினோ. இயந்திரங்களை வடிவமைத்தவர் குனியோ ஓகவாரா. அமுரோ ஏறிய கன்டாமின் அந்த 18 மீட்டரை எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் கோபுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

நான் இதை முதலில் பார்த்தது திருநெல்வேலியில் கல்லூரி விடுதியில், ஒரு தோழியின் ஹார்ட் டிஸ்க்கில். என் அப்பாவுக்குக் குற்றாலம் ரோட்டில் வேன், ஜீப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப். அந்த கிரீஸ் வாசனையிலேயே வளர்ந்த எனக்கு, சாகசக் கதை எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி வரும்: இதையெல்லாம் யார் ரிப்பேர் பார்க்கிறார்கள்? கன்டாமில் அதற்குப் பதில் இருந்தது. அங்கே தோட்டா தீர்ந்துபோகும். கை பிய்ந்துபோனால் வேறு கை மாட்ட வேண்டும். எதிரிகளின் ‘ஸாக்கு’ இயந்திரம் தொழிற்சாலையில் வரிசையாக உற்பத்தியாகி வரும். அதற்கு மாடல் நம்பர் உண்டு, பழைய மாடல் புது மாடல் என்ற பேதம் உண்டு. சண்டை முடிந்து விண்கப்பலுக்குத் திரும்பினால் மெக்கானிக்குகள் காத்து நிற்பார்கள். தோழிகள் சண்டையைப் பார்த்தார்கள். நான் அந்த மெக்கானிக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராட்சத ரோபோ கதைகள் அதற்கு முன்பே உண்டு. மிட்சுதேரு யோகோயாமா 1956-ல் வரையத் தொடங்கிய ‘டெட்சுஜின் 28’ ரோபோவை ஒரு சிறுவன் ரிமோட் பெட்டியால் ஆட்டிவைப்பான். அவரே படைத்த ‘ஜெயண்ட் ரோபோ’ 1967-ல் ஆட்கள் நடித்த டிவி தொடராக வந்தது. எண்பதுகளில் தூர்தர்ஷன் காட்டிய ‘ஜெயண்ட் ரோபோட்’ அதுதான். சிவகாசி லயன் காமிக்ஸின் சட்டித்தலையன் ஆர்ச்சியையும் ஜெயண்ட் ரோபோட்டையும் பார்த்து வளர்ந்த என் சித்தப்பா, இப்போதும் கைக்கடிகாரத்தை வாயருகே கொண்டுபோய் அதற்குக் கட்டளை போட்டுக் காட்டுவார். கடைசி அத்தியாயத்தில் அந்த ரோபோ, சிறுவன் தடுத்தும் கேளாமல், எதிரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விண்வெளிக்குப் பறந்து விண்கல்லில் மோதிச் சிதறிவிடும். அந்த இடம் வரும்போது சித்தப்பாவின் குரல் கம்மும்.

1972-ல் கோ நாகாயின் ‘மஸிங்கர் இசட்’ வந்தது. டிராபிக்கில் மாட்டிக்கொண்டு நின்ற நாகாய், தன் வண்டிக்குக் கைகால் முளைத்து முன்னால் நிற்கும் கார்களைத் தாண்டிப்போனால் எப்படியிருக்கும் என்று நினைத்தாராம். அதில் பிறந்த கதை. ஓட்டுபவன் உள்ளே உட்கார்ந்துவிட்டான். வெளியே நின்று ஏவுகிறவனுக்கும் உள்ளே இருந்து ஓட்டுகிறவனுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வண்டி அடிபட்டால் உள்ளே இருப்பவனுக்கும் வலிக்கும்.

என் தலைமுறைக்கு இந்த வழியைக் காட்டியது பவர் ரேஞ்சர்ஸ். 2004 இறுதியில் டூன் டிஸ்னி சேனல் தமிழ்க் குரலோடு வந்தது. அதில் ஜெடிக்ஸ் என்ற பெயரில் போட்ட தொடர்களில் அதுவும் ஒன்று. தனித்தனி வாகனங்கள் பூட்டிக்கொண்டு ஒரே ராட்சதன் ஆகும் கட்டத்துக்காகவே உட்கார்ந்திருப்பேன். எந்த வண்டி கையானது, எந்த வண்டி காலானது, இடுப்பு எதில் மாட்டுகிறது என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் வரைந்து வைப்பேன். அந்த ரோபோக் காட்சிகள் ஜப்பானின் ‘சூப்பர் சென்டாய்’ தொடர்களிலிருந்து எடுத்தவை என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

குற்றாலத்தில் சீசன் வந்தால் பேரருவிக்குப் போகிற வழியெல்லாம் கடை. நேந்திரங்காய் சிப்ஸ், மங்குஸ்தான், அல்வா, அம்பாசமுத்திரம் மரச்செப்பு. அதற்குப் பக்கத்திலேயே கண்ணில் சிவப்பு விளக்கு எரிய, நெஞ்சைத் திறந்து சுட்டுக்கொண்டே நகரும் பேட்டரி ரோபோ. அடம்பிடித்து வாங்குவேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் ஸ்க்ரூ டிரைவரால் திறந்து பார்ப்பேன். ஒரு சின்ன மோட்டார், இரண்டு மூன்று பல்சக்கரம், பாதத்துக்கு அடியில் உருளை. கால் மடங்கவே மடங்காது. நடப்பதுபோல் போக்குக் காட்டி உருண்டுகொண்டிருந்திருக்கிறது. முழங்கால் மடங்குகிற ஒன்று வேண்டும் என்ற ஆசை அங்கேதான் தொடங்கியது.

அந்த ஆசை தீர்ந்தது, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அத்தான் லீவுக்கு வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த கன்டாம் கிட் மூலம். 144-ல் 1 பங்கு அளவு. 18 மீட்டரை 144-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை சென்டிமீட்டர்.

இந்த கிட்டுகள்தான் கன்டாமைக் காப்பாற்றின. தொடர் ஓடியபோது பார்ப்பவர்கள் குறைவு. விளம்பரம் கொடுத்த குளோவர் கம்பெனியின் பொம்மைகளும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 52 அத்தியாயம் என்று திட்டமிட்டதை 43-லேயே முடித்துவிட்டார்கள். மறு ஒளிபரப்பில்தான் கூட்டம் சேர்ந்தது. 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் 300 யென்னுக்கு முதல் கிட்டை விட்டது; பிள்ளைகள் கடை வாசலில் வரிசை கட்டினார்கள். இதுவரை உலகம் முழுக்க விற்ற கன்டாம் கிட்டுகள் 50 கோடியைத் தாண்டும். குளோவர் 1983-ல் திவாலாகிவிட்டது. செய்து முடித்த பொம்மையைக் கொடுத்தவர்கள் போனார்கள், செய்யும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்தவர்கள் நின்றார்கள் என்பது என் எண்ணம்.

பெட்டியைத் திறந்தால் பொம்மை இருக்காது. பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஏராளமான பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தச் சட்டத்துக்கு ரன்னர் என்று பெயர். நான் இப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் எடுக்கிறேன். இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பற்றிச் சொல்லும் நாளில் ஒரு ரன்னரைக் கொண்டுபோய்க் காட்டுவேன். உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்தும்போது அது ஓடிப்போகிற வாய்க்கால்தான் ரன்னர். மற்ற தொழிற்சாலைகளில் அதை வெட்டிப் போட்டுவிட்டுப் பொருளை மட்டும் விற்பார்கள். இங்கே வாய்க்காலையும் சேர்த்தே விற்கிறார்கள், ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கத்தில் நம்பர் போட்டு. ஷிசுவோகா நகரில் உள்ள பண்டாய் ஆலையின் இயந்திரங்கள் ஒரே சட்டத்தில் நான்கு நிறம் வரை வார்த்துவிடும். அதனால் பெயின்ட் அடிக்காமலே நிறம் வந்துவிடுகிறது. பசையும் வேண்டாம், அழுத்தினால் டிக்கென்று மாட்டிக்கொள்ளும்.

வெட்டுவதில்தான் விஷயம். வயர் வெட்டும் கட்டிங் பிளேயரின் வாய் இரண்டு பக்கமும் சரிந்திருக்கும். அது பிளாஸ்டிக்கை நசுக்கித் துண்டாக்கும், நசுங்கிய இடம் வெளுத்துவிடும். கிட்டுக்கு என்று வரும் நிப்பரின் வாய் ஒரு பக்கம் தட்டை. முதலில் பாகத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளி வெட்ட வேண்டும். மிச்சக் காம்பை இரண்டாவது வெட்டில் எடுக்க வேண்டும். அப்புறம் வாட்டர் பேப்பர். 400-ல் தொடங்கி 1000 வரை போனால் தழும்பு தெரியாது.

ஒர்க்‌ஷாப் மேஜையில் உட்கார்ந்து தோளைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து எட்டிப்பார்த்தார். சாம்பல் நிறத்தில் மெத்தென்று இருந்த சின்ன வளையத்தை எடுத்து விரலில் உருட்டினார்.

“ஏட்டி, இது என்னத்துக்கு?”

“அது பாலி கேப்ப்பா. மூட்டுக்குள்ள போகும்.”

“புஷ்ஷுல்லா போட்டிருக்கான்! கட்டி மேல கட்டி உரசுனா தேஞ்சிரும்னு நடுவுல மெத்துனு ஒண்ணு குடுத்திருக்கான். கெட்டிக்காரன்தான்.”

அதன்பிறகு அவரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். இடுப்பில் உருண்டை மூட்டைக் கண்டதும் “பால் ஜாயின்ட்!” என்று சத்தமாகச் சிரித்தார். முழங்காலை ஒரே இடத்தில் மடக்காமல் இரண்டு இடத்தில் மடக்கியிருந்தார்கள். ஒரு மூட்டு என்றால் தொடையும் கெண்டைக்காலும் முட்டிக்கொண்டு பாதியில் நின்றுவிடும். இரண்டு என்றால் மண்டியிட்டு உட்காரும். குற்றாலத்து ரோபோவுக்கு வராத முழங்கால் எங்கள் கையில் மடங்கியது.

அடுத்து பெயின்ட். இங்கே எங்கள் ஊரின் பருவம் குறுக்கே வரும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து ஜூன் முதல் சாரல் அடிக்கத் தொடங்கினால் தென்காசிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். மாடல் கட்டுபவர்களுக்கு வேலை நிறுத்தம். பளபளப்பைக் குறைக்கக் கடைசியாக மேட் பூச்சை ஸ்ப்ரே செய்வோம். அதிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு சில்லிட்டுப் போகும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தச் சில்லிப்பில் நீர் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். கருநீலக் கால் பாலாடை படிந்ததுபோல் வெளுத்துவிடும். கார் பெயின்டர்களுக்கு இது பழகிய தொல்லை. மழைக்காலத்தில் மெதுவாக ஆறும் தின்னரைக் கலப்பார்கள். நான் பொதுவாகத் தை பிறக்கும்வரை காத்திருப்பேன். சாரல் மாதங்கள் வெட்டவும் தேய்க்கவும் மட்டும்.

அப்பாவும் நானும் சேர்ந்து கன்டாம் தொடரையும் பார்த்தோம். வசனத்தைப் படித்துத் தமிழில் சொல்வது என் வேலை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்து, வண்டிக்கு வண்டி சென்சாரும் ஸ்கேனருமாக மாறிக்கொண்டிருந்த காலம். டீசல் பம்பையும் நாசிலையும் காதால் கேட்டே சரிசெய்து பழகியவர் அப்பா. கதையில் அமுரோவின் அப்பா டெம் ரே ஒரு பொறியாளர், கன்டாமை உருவாக்கியவர்களில் ஒருவர். முதல் சண்டையில் விண்வெளிக்குத் தூக்கியெறியப்பட்டு, ஆக்சிஜன் இல்லாமல் மூளை பாதித்துப்போனவர். வெகுநாள் கழித்து மகன் அவரைத் தற்செயலாகக் காண்கிறான். இதை மாட்டினால் கன்டாமின் பலம் பல மடங்கு ஏறும் என்று பெருமையோடு ஒரு பாகத்தைக் கொடுக்கிறார். அது காலாவதியான சரக்கு என்று மகனுக்குப் பார்த்ததுமே தெரிகிறது. வெளியே வந்து அதைத் தரையில் வீசியெறிகிறான்.

அப்பா நிறுத்தச் சொன்னார். “அந்தப் பையன் மேலயும் தப்பில்ல, அந்த மனுசன் மேலயும் தப்பில்லட்டி. சண்டை வேகத்துக்கு மனுசன் ஓட முடியுமா?” என்றார். அடுத்த மாதம் ஸ்கேனர் வாங்கினார். எப்படிப் படிப்பது என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன், மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

ரோபோ கதை என்றால் சின்னப்பிள்ளை சமாச்சாரம் என்று சொல்பவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. பெரியவர்கள் தொடங்கிய போரில் பிள்ளைகளை ஏன் உட்காரவைக்கிறோம் என்று இந்தக் கதைகள் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. 2015-ல் வந்த ‘அயர்ன் பிளட்டட் ஆர்ஃபன்ஸ்’ செவ்வாய்க் கிரகத்துக் கூலிச் சிறுவர்களின் கதை. இயந்திரத்தோடு இணைப்பதற்காக அவர்கள் முதுகெலும்பில் அறுவை செய்து கருவி பதிக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நான் நாள்கணக்கில் சரியாகத் தூங்கவில்லை.

கிட் வாங்குவது இப்போது முன்பைவிடக் கடினம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. சுங்கப் பட்டியலில் கிலுகிலுப்பையும் அளவு குறைத்த மாடல்களும் 9503 என்ற ஒரே தலைப்பில் வருகின்றன. வாயில் வைத்துக் கடிக்கும் பொம்மைக்குத் தரச் சான்று கேட்பது நியாயம், உள்நாட்டுத் தொழிலைக் காப்பதும் நியாயம். அப்படியானால் நாமும் கிட் செய்ய வேண்டும். கோவையிலும் அம்பத்தூரிலும் அச்சு வெட்டும் கைகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் சிபெட் 1968-லிருந்து சென்னையில் இருக்கிறது. மடங்கும் முழங்காலும் பசையில்லாப் பூட்டும் கொண்ட ஒரு கிட்டை, ஒரு பள்ளிப் பிள்ளையின் கைக்கு எட்டும் விலையில் ஏன் நம்மால் கொடுக்க முடியாது? என் மாணவர்களின் புராஜெக்டுக்கு இந்த வருடம் அதைத்தான் தலைப்பாகக் கொடுத்திருக்கிறேன்.

அவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப்புக்கு வருவார்கள். ஒரே கிட்டைப் பங்குபோட்டு ஆளுக்கொரு கையும் காலும் கட்டுவார்கள். கட்டி முடித்ததும் பழைய வழக்கு ஒன்று தொடங்கும்: கன்டாமா, ஸாக்குவா? அப்பா எப்போதும் ஸாக்கு கட்சி. “ஹோஸ் பூரா வெளியில ஓடுது பாரு. ஒண்ணு போச்சுன்னா நின்ன இடத்துல மாத்திரலாம். இவன் மெக்கானிக்க நெனச்சு செஞ்சிருக்கான்” என்பார். வெளியே ஓடுகிற ஹோஸில்தான் முதல் குண்டு படும் என்பது என் கட்சி. போன வாரம் மாணவன் ஒருவன் அந்த ஹோஸுக்கு மேலே தகட்டில் ஒரு கவசம் வரைந்து கொண்டுவந்தான். கவசத்தைக் கழற்ற எத்தனை போல்ட் என்று அப்பா அவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.