பனிமலையில் தாமே செல்லத் துணிவோர்க்கு

பிழைப்பை நாடி வடக்கே வந்த நம் குடும்பங்களில், முதல் தலைமுறையினர்க்குக் குளிர்காலம் என்பது சகித்துக் கழிக்க வேண்டிய ஒரு பருவம். கார்த்திகை பிறந்ததும் பெட்டியிலிருந்து கம்பளிகளை எடுப்போம். தை முடியும் வரை சன்னலைத் திறக்க மாட்டோம். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கோ அதே குளிர் ஓர் அழைப்பாக இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நான்கு நாள் விடுமுறை கிட்டினால் குல்மார்க் என்றும் சோலாங் என்றும் ஔலி என்றும் பனிச்சறுக்கை நாடிப் புறப்பட்டுவிடுகின்றனர். இதனை நாம் குறையாகக் கூறவில்லை. உடலுக்கும் உள்ளத்துக்கும் உரமூட்டும் விளையாட்டு அது.

ஆயினும், சில ஆண்டுகள் சறுக்கிப் பழகியபின் அவர்களுள் சிலருக்கு அடுத்த ஆசை ஒன்று பிறக்கிறது. கம்பிவட ஊர்தியில் மேலே சென்று, எல்லாரும் இறங்கும் தடத்திலேயே இறங்குவது அலுத்துவிடுகிறது. சறுக்குப் பலகையின் அடியில் மயிர்ப்பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்கின்றனர். அந்தப் பட்டை முன்னோக்கி வழுக்கும். பின்னோக்கி வழுக்காமல் பனியைப் பற்றிக்கொள்ளும். அதன் துணையால் தம் கால்வலிமை கொண்டே மலையேறி, ஆள் நடமாட்டமில்லாத சாய்வுகளில் இறங்கி வருகின்றனர். இதற்கு 'ஸ்கீ டூரிங்' என்று பெயர். தேர்ந்த வழிகாட்டி ஒருவருடன் செல்லும்வரை வீட்டிலுள்ளோர் ஒருவாறு அமைதியாக இருக்கலாம். நண்பர்கள் மூவரோ நால்வரோ தாமே புறப்படும்போதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அப்படிப் புறப்படுவதற்கு வேண்டிய தகுதி யாது, அதனை எவ்வாறு அடைவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சறுக்கும் திறமை வேறு. மலையில் முடிவெடுக்கும் திறமை வேறு. முன்னதைச் சில பருவங்களில் பெற்றுவிடலாம். பின்னது தானாக வருவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றென்று மயங்குவதால் விளையும் கேடு சிறிதன்று.

குல்மார்க்கையே எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள அந்தப் புல்வெளியிலிருந்து, 'கோண்டோலா' எனப்படும் கம்பிவட ஊர்தி இரண்டு கட்டங்களில் அஃபர்வத் மலையின் தோள்வரை, ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. ஊர்தியை ஒட்டிய பகுதியை ரோந்துக் குழுவினர் கண்காணிக்கின்றனர். அவ்வெல்லையைத் தாண்டிவிட்டால் பனி தன் விருப்பப்படி இருக்கிறது. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத் பகுதியில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர் இருவர் மாண்டனர். 2024 பிப்ரவரி 22 அன்று மற்றொரு சரிவில் ரஷ்ய நாட்டவர் ஒருவர் உயிரிழந்தார். குல்மார்க்குக்கு மேலே உள்ள கிலன்மார்க்கில் 2010 பிப்ரவரி 8 அன்று, உயர்மலைப் போர்ப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்த படைவீரர் 17 பேரைப் பனி கொண்டுபோயிற்று.

தமிழர்க்கு இந்தத் துயரம் அந்நியமானதன்று. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்கள் பனியில் புதையுண்டு இறந்ததையும், அவர்களுள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்ததையும் நாம் மறக்கவில்லை. அவர்கள் கடமை காரணமாக அங்கு நின்றவர்கள். நின்ற இடத்தை விட்டு விலகும் உரிமை அவர்களுக்கு இல்லை. விளையாட்டுக்காகச் செல்வோர்க்கு அவ்வுரிமை முழுமையாக உண்டு. அதனைப் பயன்படுத்தக் கற்பதே நாம் பேசும் கல்வி.

பனிச்சரிவு எவ்வாறு நேர்கிறது? வானத்திலிருந்து விழும் பனி ஒரே பொருளாகக் கிடப்பதில்லை. வாரந்தோறும் அடுக்கடுக்காகப் படிகிறது. பருவத் தொடக்கத்தில் மெல்லியதாகப் படிந்த பனி, தெளிந்த வானமும் கடுங்குளிருமான இரவுகள் தொடருமாயின், ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறிவிடுகிறது. கையில் அள்ளினால் ரவைபோல் உதிரும். அதன்மேல் பின்னர் பெரும்பனி பொழிந்து, காற்றால் இறுகிப் பாளமாகிறது. ரவையைப் பரப்பி அதன்மீது கனத்த பலகையை வைத்து, தாம்பாளத்தை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒரு நிலையில் பலகை முழுவதும் ஒரே வேகத்தில் நழுவும். அவ்வாறே பாளம் அறுபட்டு ஓடுகிறது. அதனை அறுப்பதற்கு ஒரு மனிதனின் எடையே போதும். சறுக்கச் சென்று உயிரிழந்தோரைப் பற்றிய ஆராய்ச்சிகள் காட்டும் வேதனையான உண்மை இது: மிகப் பெரும்பாலான நேர்வுகளில் அச்சரிவைத் தூண்டியவர் அதில் சிக்கியவரே, அல்லது அவருடைய தோழரே. தற்செயலாக மேலிருந்து வந்து விழுந்தது என்று விதியை நோவதற்கு இடம் குறைவு.

இதில் நம்பிக்கைக்கும் இடமுண்டு. பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சாய்வுகளில்தான் தொடங்குகின்றன. நம் வீட்டு மாடிப்படியின் சாய்வு ஏறத்தாழ 30 பாகை என்றால் கணக்கு எளிதில் விளங்கும். மாடிப்படியைவிடச் செங்குத்தான வெண்சாய்வைக் கண்டால் அங்கே கேள்வி எழ வேண்டும். பனியின் உள்ளடுக்குகளை ஆராய்ந்து தீர்ப்புக் கூறுவது நிபுணர்க்கே கடினம். சாய்வின் கோணத்தை அளப்பதோ பள்ளிச் சிறுவனாலும் இயலும். பெட்டியிலுள்ள கோணமானியில் நூலும் ஒரு சிறு எடையும் கட்டினால் கருவி ஆயத்தம். ஆகையால், தாமே செல்லத் தொடங்குவோர் முதற்பருவம் முழுவதும் 30 பாகைக்குக் குறைந்த சாய்வுகளிலேயே, மேலே செங்குத்தான சரிவுகள் தொங்காத இடங்களிலேயே பழகட்டும் என்பது நம் உறுதியான கருத்து. அலுப்பாக இருக்கிறதே என்பர், இருக்கட்டும்.

கோணத்தோடு கண்ணும் காதும் வேண்டும். அண்மையில் அயலில் பனி சரிந்த தடம், அடி வைக்கும்போது 'வும்' என்று உள்வாங்கும் ஒலி, பலகையின் முனையிலிருந்து பாய்ந்தோடும் வெடிப்பு, ஒரே நாளில் கொட்டிய பெரும்பனி, பலத்த காற்று, திடீரென ஏறிய வெயில்: இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அன்றைய திட்டத்தை மாற்ற வேண்டும். இராணுவ ஆராய்ச்சித் துறையைச் சார்ந்த டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் பனிமலைப் பகுதிகளுக்குக் குளிர்காலத்தில் அபாய அறிவிப்புகளை வெளியிடுகிறது. ஐரோப்பாவில் 1993 முதல் வழங்கும் அளவுகோலில் ஐந்து படிகள் உண்டு. அவற்றுள் மூன்றாம் படியைக் கண்டு, 'நடுத்தரம்தானே' என்று எண்ணுவோர் பலர். அப்படி எண்ணிச் சென்றோரே பெருந்தொகையாக மாண்டிருக்கின்றனர். நான்கும் ஐந்தும் ஆனால் மக்கள் அஞ்சி வீட்டில் இருந்துவிடுகின்றனர் அல்லவா!

இனி, இக்கல்வியின் தனிக்கடினத்துக்கு வருவோம். பிற துறைகளில் தவறு செய்தால் உடனே தண்டனை கிடைக்கும், கற்றுக்கொள்வோம். சமையலில் உப்பு மிகுந்தால் முதற் கவளத்திலேயே தெரிந்துவிடும். பனியோ விடைத்தாளைத் திருத்தித் தருவதில்லை. இருபது முறை தவறான சாய்வில் இறங்கியும் அது அறுபடாமல் இருந்திருக்கலாம். இருபது முறையும் 'நம் கணிப்புச் சரி' என்ற எண்ணமே வளரும். பத்திரமாகத் திரும்பியது நல்ல முடிவுக்குச் சான்று ஆகாது. அநுபவம் மிகுந்தோர் பலர் சரிவில் சிக்கியிருப்பதன் காரணங்களுள் இது ஒன்று. இதற்கு மாற்றாக நாம் அறிந்தது குறிப்பேடு ஒன்றே. காலையில் புறப்படுமுன் அன்றைய அறிவிப்பு யாது, எந்தச் சாய்வைத் தவிர்க்கப் போகிறோம், எதனைக் கண்டால் திரும்புவோம் என்று எழுத வேண்டும். மாலையில் கண்டதை எழுதி, காலையில் எண்ணியதோடு ஒப்பிட வேண்டும். எங்கே நம் கணிப்பைவிட நம் அதிர்ஷ்டம் வேலை செய்தது என்பது அப்போது புலப்படும்.

மற்றொரு கடினம் கூட்டத்தால் வருவது. 2012 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்டீவன்ஸ் பாஸ் மலைக்குப் பின்புறமுள்ள டன்னல் க்ரீக் என்னுமிடத்தில் பதினாறு பேர் ஒன்றாகச் சறுக்கச் சென்றனர். ஏறக்குறைய அனைவரும் தேர்ந்தவர்கள். அம்மலையைத் தம் வீட்டு முற்றம்போல் அறிந்தவர்கள் பலர். புதிதாகப் பெரும்பனி பெய்திருந்தது. சரிவு நேர்ந்து மூவர் மாண்டனர். சிக்கிய நான்காமவரைக் காற்றுப்பை காத்தது. பின்னர் விசாரித்தபோது, பலர் உள்ளத்தில் ஐயம் இருந்ததும், இத்தனை வல்லவர்கள் இருக்கையில் நாம் என்ன சொல்வது என்று அவர்கள் வாய் திறவாதிருந்ததும் வெளிப்பட்டன. ஐயன் மக்காமன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் எழுநூற்றுக்கு மேற்பட்ட விபத்துகளை ஆராய்ந்து, மனம் விழும் குழிகளை வகைப்படுத்தினார். பழகிய இடம் என்ற நம்பிக்கை, எடுத்த காரியத்தை முடிக்கும் பிடிவாதம், தலைவர் அறிவார் என்ற பணிவு, பிறர் மதிக்க வேண்டும் என்ற ஆசை, வேறு குழுவினர் முந்திவிடுவரோ என்ற பரபரப்பு முதலியன அவை.

இவற்றுள் பணிவைப் பற்றி நம்மவர்க்குத் தனியே சொல்ல வேண்டும். மூத்தோர் சொல்லை மறுத்துப் பேசாதே என்று வளர்க்கிறோம், நல்ல வளர்ப்புத்தான். ஆனால் பனிச்சாய்வின் விளிம்பில், 'அண்ணனுக்குத் தெரியாததா' என்று தம்பி வாளாவிருந்தால் இருவர்க்கும் கேடு. ஆகவே குழுவில் ஒரு விதியை முன்னதாகவே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்: எவர் ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் திரும்ப வேண்டும், காரணம் கேட்கக் கூடாது, கேலி செய்யவும் கூடாது. பேச்சைத் தொடங்குவது வயதில் இளையவராக, அநுபவத்தில் குறைந்தவராக இருக்கட்டும். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர் வாய் அடைபட்டுவிடும். குழு மூன்று முதல் ஐந்து பேருக்குள் இருப்பது நலம். ஐயத்துக்குரிய சாய்வை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். மற்றவர் பத்திரமான மேட்டில் நின்று அவரைக் கண்கொட்டாது பார்க்க வேண்டும்.

பயிற்சிக்கு முறையான வழிகள் உள. குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழுள்ள பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனமும், மணாலியிலுள்ள மலையேற்ற நிறுவனமும் சறுக்கக் கற்பிக்கின்றன. அதன்பின் ஒரு பருவமேனும் வழிகாட்டியுடன் செல்லட்டும். ஆனால் அவர் பின்னால் ஆட்டுக்குட்டிபோல் நடப்பதில் பயனில்லை. 'ஏன் இப்பக்கம் திரும்பினீர்கள்? ஏன் அங்கே போகவில்லை?' என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்க வேண்டும். அடுத்த பருவத்தில் திட்டத்தைத் தாமே வகுத்து, வழிகாட்டி பின்னால் வந்து திருத்தும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம். செலவு உண்டுதான். சறுக்குப் பலகைக்கும் உடைக்கும் ஆகும் தொகையை எண்ணினால் மிகையன்று.

கருவிகள் மூன்று: டிரான்ஸீவர், மடக்குக் கம்பி, பனி வாரும் மண்வாரி. உடலோடு கட்டிய டிரான்ஸீவர் 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் ஓயாது ஒலிபரப்பும். தோழர்கள் தம் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றிப் புதையுண்டவரை அணுகுவர். கம்பியால் குத்தி இடத்தை உறுதி செய்து தோண்டுவர். ஸ்விட்சர்லாந்தில் திரட்டிய கணக்கின்படி, முதல் பத்து நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டோரில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அரைமணி கடந்தால் பிழைப்போர் மிகச் சிலரே. அடிவாரத்திலிருந்து மீட்புக் குழு வருவதற்குள் அந்நேரம் கழிந்துவிடும். தோழர் தவிர வேறு துணையில்லை. இதனைப் பழகப் பனி வேண்டுவதில்லை. டில்லியில் ஒரு பூங்காவில், ஞாயிறு காலையில், ஒருவர் கருவியைப் பையிலிட்டுப் புதர்மறைவில் வைக்க, மற்றவர் கடிகாரத்தைப் பார்த்துத் தேடலாம். ஐந்து நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க இயலாதவர் அவ்வாண்டு தாமே செல்ல வேண்டாம்.

வீட்டிலுள்ளோர்க்கும் இதில் பங்குண்டு. 'பத்திரமா?' என்று தொலைபேசியில் கேட்டால் 'பத்திரம்' என்றே விடை வரும். மாறாக, 'இன்று எதனைக் கண்டால் திரும்புவதாக வைத்திருக்கிறாய்?' என்று கேட்டுப் பாருங்கள். விடை தயங்கி வந்தால் திட்டம் தயாரில்லை என்று பொருள். அதைவிட முக்கியமானது, திரும்பி வந்தபின் நாம் பேசும் பேச்சு. 'இவ்வளவு பணம் கொட்டிப் போய் ஏறாமலா வந்தாய்?' என்று விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல், அடுத்த ஆண்டு மலைமீது நிற்கும்போது அவன் காதில் ஒலிக்கும். விமானக் கட்டணமும் எடுத்த விடுப்பும் வீணாகுமே என்ற கவலையால் ஏறியவர் பலர்.

புறப்படும் காலையில் ஒரு தாளில் இவற்றை எழுதித் தங்குமிடத்தில் ஒரு படியும் வீட்டில் ஒரு படியும் இருக்கச் செய்யுங்கள்: உடன் செல்வோர் பெயர், செல்லும் திசை, தவிர்க்கும் சாய்வுகள், திரும்பும் நேரம், அந்நேரம் கடந்தால் யாரை எப்போது அழைப்பது. நேரத்தைப் பிற்பகல் 2 மணிக்கு முன்னதாகவே வைத்துக்கொள்வது நலம். குளிர்காலத்தில் மலைநிழல் விரைவில் விழுந்துவிடுகிறது.