அந்த ஆயா ஏன் சிரித்தாள்?

ஜப்பானில் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம், அவர் வீட்டு ஆயா ஒருநாள் சிரித்த முகமாக வந்து நின்றாள். 'என் புருஷன் செத்துட்டாரும்மா. காரியத்துக்குப் போகணும்.'

அம்மாள் லீவு கொடுத்தார். சாயங்காலம் கையில் ஒரு ஜாடியோடு திரும்பினாள் ஆயா. உள்ளே சாம்பல், எலும்பு, ஒரு பல்! (தகனம் முடிந்ததும் உறவினர்களே குச்சிகளால் எலும்பைப் பொறுக்கி ஜாடியில் சேர்ப்பது இன்றைக்கும் அங்கே வழக்கம்.)

'இவர்தாம்மா என் வீட்டுக்காரர்' என்று சொல்லிவிட்டுச் சிரித்தாளாம். அம்மாளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சே, இதுகளும் மனுஷ ஜென்மங்களா!

1894-ல் வெளியான தன் புத்தகத்தில் இதை எழுதியவர் லாஃப்காடியோ ஹெர்ன். அப்பா ஐரிஷ், அம்மா கிரேக்கப் பெண்மணி. ஒரு கண்ணில் பார்வை கிடையாது. 1890-ல் பத்திரிகைக்கு எழுதுவதற்காக ஜப்பான் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். மாட்சுயே என்ற ஊரில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை, செட்சு என்ற பெண்ணோடு கல்யாணம், 1896-ல் குடியுரிமை. பெயர்கூட கொய்சுமி யாகுமோ என்று மாறிவிட்டது!

கூடவே வாழ்ந்த மனிதர் அல்லவா... அவருக்கு அந்தச் சிரிப்பு புரிந்தது. 'இது என் வீட்டுத் துக்கம். இதுக்காக நீங்க மனசு கஷ்டப்படாதீங்க' என்று அதற்கு அர்த்தம். குனிந்து வணங்கப் பழக்குவது போல, சிரிக்கவும் சின்ன வயசிலேயே பழக்கிவிடுகிறார்கள் என்கிறார். எதிரே நிற்பவர் முகம் வாடக் கூடாது, அவ்வளவுதான். தன் நெஞ்சு வெடித்தாலும்!

ஆயா கல்நெஞ்சக்காரி இல்லை, பெரிய தைரியசாலியாக இருக்கலாம் என்றும் எழுதுகிறார். ஆனால், இதை அந்த அம்மாளிடம் எடுத்துச் சொல்லிப் பிரயோஜனமில்லையாம். ஒரு வார்த்தை துக்கம் விசாரித்திருக்கலாம், மகராசி!